சின்னக் கடைக்கு ஒரே டேபிள்: வாசகர் கேள்வி, பட்டறை பதில்

போன மாசம் டேபிள் சா (தட்டு நடுவுல பிளேடு சுத்தற ரம்ப மெஷின்) பத்தி எழுதினேன்ல, அதுக்கப்புறம் வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். இடம் இல்ல, ஒரே டேபிள்ல எல்லா வேலையும் முடிக்கணும், அத எப்படி போடறதுன்னு. அதனால இந்த மாசம் முழுக்க டேபிள் மட்டும்தான்.

அண்ணே, வியாசர்பாடில வாடகைக்கு ஒரு பட்டறை வெச்சிருக்கேன், உள்ளளவு 10 அடிக்கு 16 அடி. 10 இன்ச் பிளேடு போடற டேபிள் சா ஒண்ணு, ஓரமும் பள்ளமும் எடுக்கற ரவுட்டர் ஒண்ணு, கைல புடிச்சு இழைக்கற பிளேனர் ஒண்ணு இருக்கு. அறுக்க, இழைக்க, ஒட்ட, மாட்ட எல்லாத்துக்கும் சேத்து ஒரே டேபிளா செய்யலாம்னு டிராயர், கட்டைய இறுக்கிப் புடிக்கற வைஸ், ரவுட்டர், சக்கரம் எல்லாம் வெச்சு படம் கூட போட்டுட்டேன். எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?

தம்பி, படத்த கொஞ்ச நேரம் ஓரமா வெச்சுட்டு டேப்ப எடுங்க. உங்க சாவோட மேல்தட்டு தரைல இருந்து எவ்ளோ உயரத்துல இருக்குன்னு அளந்து செவுத்துல எழுதுங்க. உங்க டேபிள் அந்த உயரத்துல இருந்து ஒண்ணரை மில்லிமீட்டர், மிஞ்சிப்போனா ரெண்டு மில்லிமீட்டர் கீழ இருக்கணும். டிராயர் எத்தன, வைஸ் எந்தப் பக்கம்ங்கறதெல்லாம் இதுக்கப்புறம் வர்ற பேச்சு.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, 8 அடிக்கு 4 அடி பிளை ஷீட்டு 18 மி.மீ. கனத்துல 30 கிலோ பக்கம் வரும், ஒத்த ஆளா நின்னு அத அறுக்கறப்ப முக்கால்வாசி தாண்டினதும் வால் பக்கம் தொங்க ஆரம்பிக்கும், தொங்கினா உங்க கைப்பக்கம் எழும்பும், நீங்க அத அமுக்கப் பாப்பீங்க, அந்த நேரத்துல அறுத்த வெட்டு கோணி பிளேடப் புடிச்சுதுன்னா பலகை உங்க வயித்தப் பாத்து திரும்பி வரும். சாவுக்குப் பின்னாடி டேபிள் இருந்தா பலகை தானா அது மேல போய் படுத்துக்கும். அதே டேபிள் ஒரு நூல் ஒசந்துட்டாலும் பலகை அதோட ஓரத்துல முட்டி பாதி அறுப்புல நின்னுடும், அது டேபிளே இல்லாததவிட மோசம். அதான் ரெண்டு மில்லிமீட்டர் கீழ.

அளவு என்ன வெக்கலாம்னா, என்னக் கேட்டா 4-க்கு 4. 8-க்கு 4 ஷீட்டு ஒண்ணு வாங்கி நடுவுல ஒரே அறுப்பு, ரெண்டு சதுரம் கெடைச்சிடும், ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டினா 36 மி.மீ. கனம், ஒரு துண்டு கூட வீணாகாது. சதுரமா இருக்கறதால மேல் துண்ட கால் வட்டம் திருப்பி ஒட்டலாம், மேல் நரம்பு ஒரு பக்கமும் கீழ் நரம்பு குறுக்கயும் ஓடும், பலகை ஒரு பக்கமா வளையறதுக்கு அவ்வளவா வழி இருக்காது. கடை அகலம் 10 அடிதான், 4 அடி டேபிள் நடுவுல போட்டா ரெண்டு பக்கமும் 3 அடி நடக்க கெடைக்கும், சுத்தி வர முடியும். பிளேடுக்குப் பின்னாடி சா தட்டு ஒரு அடி, டேபிள் 4 அடி, ஆக 5 அடி தாங்கல், 8 அடி பலகைல பாதிக்கு மேல உக்காந்துடும், கவுறாது. 16 அடி நீளத்துல 8 அடி பலகை உள்ள போய் வெளிய வர சரியா 16 அடி ஆகுது, இழுபறிதான், அதனால சாவ ஷட்டர் பக்கம் வெச்சு பலகை தெருப் பக்கத்துல இருந்து உள்ள வர்ற மாதிரி திருப்புங்க, ஷட்டர தொறந்துட்டா வால் வெளிய நீட்டிக்கும். தெருவுல ஆட்டோ, தண்ணி லாரி வர்றதுக்கு முன்ன காலைலயே பெரிய ஷீட்டெல்லாம் அறுத்து முடிச்சிடுங்க.

ஒட்டற வேலைய அவசரமா பண்ணிடாதீங்க, இங்கதான் முக்காவாசி பேரு கெடுத்துக்கறாங்க. கடைத் தரைய நம்பி அது மேல படுக்க வெச்சு ஒட்டக் கூடாது, எந்தக் கடைலயும் தரை தண்ணி ஓட ஒரு பக்கம் சரிவாதான் இருக்கும், அந்த சரிவும் முறுக்கும் அப்படியே பசைல இறுகிடும், அப்புறம் எத்தன தேச்சாலும் போவாது. நேரான அலுமினிய டியூப் நாலஞ்ச தரைல சம இடைவெளில போட்டு அடில தக்கை குடுத்து ஒரே மட்டமா கொண்டு வாங்க. ரெண்டு ஓரத்துலயும் இருக்கற டியூப்ப குனிஞ்சு ஒரு கண்ண மூடி ஒண்ணோட மேல் விளிம்ப இன்னொண்ணோட சேத்துப் பாருங்க. ரெண்டு கோடும் ஒண்ணா மறைஞ்சா முறுக்கு இல்ல, ஒரு பக்கம் தூக்கிட்டிருந்தா அந்த மூலைல தக்கை போடுங்க. ரசமட்டம் இதுக்கு பத்தாது, அது சரிவத்தான் சொல்லும், முறுக்க அவ்ளோ சுலபமா காட்டாது. மட்டம் வந்த பெறவுதான் பசை. நடுவுல இருந்து ஓரத்துக்கு தேச்சு, கீழ் பக்கத்துல இருந்து 6 இன்ச்சுக்கு ஒரு ஸ்க்ரூ, அதையும் நடுவுல ஆரம்பிச்சு வெளிய போங்க, காத்து உள்ள மாட்டாது. ஒரு ராத்திரி தொடாதீங்க.

மேல 6 மி.மீ. பலகை ஒண்ண ஒட்டாம வெறும் ஸ்க்ரூ போட்டு மாட்டி வைங்க. பசை கொட்டும், டிரில் எறங்கும், உளி கீறும், ரெண்டு வருஷத்துல அத மட்டும் கழட்டி புதுசு போட்டுக்கலாம். ஸ்க்ரூ தல உள்ள எறங்கி இருக்கணும். உயரம் கணக்கு பண்றப்ப இந்த 6 மில்லிமீட்டர மறந்துடாதீங்க, மறந்தவங்க டேபிள் காலை அறுத்துக் கொறைச்சிருக்காங்க.

மேல்தட்டுக்கு பிளைக்குப் பதிலா கட்டையே போட்டா என்னன்னு தோணும், நம்ம ஊருக்கு நான் சொல்ல மாட்டேன். ஐப்பசி மழைல ஈரம் குடிச்சு அகலத்துல பெருக்கும், சித்திரை வெயில்ல சுருங்கும். காலுக்கு மட்டும் கட்டை போடுங்க, 3 இன்ச்சுக்கு 3 இன்ச் சால் மரம் இல்லன்னா கோங்கு. சால் நல்ல கனம், கனம்தான் டேபிளுக்கு வேணும், இழைக்கறப்ப நகரக் கூடாதே. ஆனா அதுல நேரா ஆணியோ ஸ்க்ரூவோ ஏத்த முடியாது, மொதல்ல டிரில் போட்டுத்தான் ஏத்தணும். நாலு காலையும் மேல ஒரு சுத்து, கீழ ஒரு சுத்து குறுக்குச் சட்டத்தால கட்டுங்க, ஒரு பக்கம் பசை வெச்சு நிரந்தரமா, இன்னொரு பக்கம் 10 மி.மீ. நட்டு போல்ட்டு. வாடகைக் கடைன்னு சொன்னீங்களே, நாளைக்கு காலி பண்ணச் சொன்னா போல்ட்ட கழட்டி மீன்பாடி வண்டில ஏத்திட்டு போய்டலாம், அறுக்க வேண்டி வராது. காலோட அடில 12 மி.மீ. போல்ட்டு ஒண்ணு எறக்கி வெச்சீங்கன்னா ஸ்பேனரால திருகி எந்த சரிவுலயும் மட்டம் பண்ணிக்கலாம்.

சக்கரம் பத்தி எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கு. நாலு காலுக்கும் சக்கரம் போட்ட டேபிள்ல இழைச்சுப் பாருங்க, எவ்ளோ நல்ல லாக் வெச்சாலும் சட்டம் ஆடிட்டே இருக்கும். ஒரு பக்கம் ரெண்டு காலோட வெளிப்புறத்துல மட்டும் சக்கரம் மாட்டுங்க, நிக்கறப்ப தரைல படக் கூடாது, ஒரு கால் இன்ச் மேல. எதிர்ப் பக்கத்த தூக்கினா சக்கரம் தரைல உக்காரும், தள்ளுவண்டி மாதிரி உருட்டிட்டுப் போகலாம். எறக்கினா நாலு காலும் கெட்டியா தரைல.

இப்ப உங்க படத்த எடுங்க. டிராயர மேல்தட்டுக்கு ஒட்டி போட்டிருந்தா அழிச்சிடுங்க. மேல்தட்டு சுத்திலும் 3 இன்ச் வெளிய நீட்டணும், அதுக்கு அடில 6 இன்ச் வெறும் இடமா இருக்கணும், இல்லன்னா ஒட்டின பலகைய இறுக்கற கிளாம்ப் மாட்ட முடியாது, கிளாம்ப் மாட்ட முடியாத டேபிள்ல ஒட்டற வேலை பண்ண முடியாது. டிராயர் எல்லாம் அதுக்கும் கீழ. வைஸ் சாவுக்கு எதிர்ப் பக்கம், அதோட தாடை மேல்தட்டுக்கு ஒரு மயிரிழை கீழ. ரவுட்டர வலது ஓரத்துல தகடு போட்டு தலகீழா தொங்க விடுங்க, தகடு மேல்தட்டோட வழிச்ச மாதிரி உக்காரணும், பிட்ட (சுத்தி வெட்டற முனைய) முழுசா உள்ள எறக்கற மாதிரி இருக்கணும். அதுல வேலை பாக்கறப்ப பலகைய வலது கைப்பக்கத்துல இருந்து இடது பக்கம் தள்ளணும், பிட்டு சுத்தறது உங்க தள்ளலுக்கு எதிரா இருக்கும், திருப்பித் தள்ளினா பலகைய கைல இருந்து புடுங்கிட்டு ஓடிடும். ஆக வைஸோ தகடோ பலகைய நேரா ஓட வெக்கற வேலியோ எதுவா இருந்தாலும் சரி, சா ஓடறப்ப மேல்தட்டுக்கு மேல எதுவும் தல தூக்கக் கூடாது. சா தட்டுல, கோணமா அறுக்கறப்ப பலகைய தள்ற கோணப் பட்டை ஓடற ரெண்டு பள்ளம் இருக்கும் பாருங்க, அதுக்கு நேரா உங்க டேபிள்லயும் கொஞ்சம் அகலமா ரெண்டு பள்ளம் எடுத்து விடுங்க, இல்லன்னா பட்டை வந்து முட்டிக்கும். இத முக்காவாசி பேரு டேபிள் முடிஞ்ச பெறவுதான் கண்டுபிடிக்கறாங்க.

கிளாம்ப் எட்டாத நடு எடத்துக்கு 20 மி.மீ. ஓட்டை, 96 மி.மீ. இடைவெளில, வரிசையா. ஆனா மொத நாளே போட்டுடாதீங்க. ஒரு மாசம் வேலை பாருங்க, எங்க புடிப்பு இல்லாம கஷ்டப்படறீங்களோ அங்க மட்டும் போடுங்க.

காசிமேட்டுல 35 வருஷம் படகு வேலை பாத்த ஆசாரி நான். தரைல உக்காந்து கால் கட்டை விரலால கட்டைய மிதிச்சுப் புடிச்சே பழக்கம். இப்ப முட்டி மடக்க முடியல. பேரன் டேபிள் போட்டுக்கோங்கன்றான், ஒரு கடைல போய் நின்னு பாத்தேன், கை ஓடவே இல்ல. டேபிள் எனக்கு சரிப்படுமா?

ஐயா, உங்க கடிதத்த நான் ரெண்டு தடவ படிச்சேன். எங்க நைனாவும் கொருக்குப்பேட்டைல தரைல உக்காந்துதான் வேலை பாத்தாரு, அவரு கால் புடிச்ச மாதிரி எந்த வைஸும் புடிச்சு நான் பாத்ததில்ல, திருப்பறதுக்கு ஒரு நொடி, இறுக்கறதுக்கு ஒரு நொடி. அதனால டேபிள்தான் ஒசத்தி, தரை மட்டம்னு நான் சொல்ல மாட்டேன். ஜப்பான்லயும் தச்சருங்க தரையோட ஒட்டி உக்காந்து வேலை பாக்கற வழக்கம் உண்டு, அவங்க ரம்பமும் இழைப்புளியும் தன் பக்கம் இழுத்துத்தான் வேலை செய்யும்.

உங்க கை ஓடாததுக்கு காரணம் அந்தக் கடை டேபிளோட உயரம்னு நெனைக்கறேன். தரைல நீங்க மேல இருந்து குனிஞ்சு தள்றீங்க, உங்க உடம்பு கனம் முழுசும் இழைப்புளி மேல எறங்குது. இடுப்புக்கு மேல ஒசந்த டேபிள்ல அந்தக் கனம் போய்டுது, வெறும் தோள் பலத்துல தள்ளணும், பத்து நிமிஷத்துல ஓய்ஞ்சிடுவீங்க. செருப்பு போட்டு நேரா நில்லுங்க, கைய தொங்க விடுங்க, சுண்டு விரல் முட்டி எங்க வருதோ அதான் உங்களுக்கு இழைக்கற உயரம். அஞ்சரை அடி ஆளுக்கு சுமாரா 30 இன்ச் வரும். ரவுட்டர் வேலை, நுணுக்கமா உளி வேலைன்னா அதவிட நாலஞ்சு இன்ச் ஒசந்து இருந்தா கழுத்துக்கு நல்லது, அதுக்கு ஒரு சின்னப் பெட்டி செஞ்சு டேபிள் மேல வெச்சு கிளாம்ப் போட்டுக்கோங்க. மேல சொன்ன தம்பிக்கு சா உயரம்தான் கணக்கு, உங்களுக்கு சா இல்ல, அதனால உங்க கைதான் கணக்கு.

இன்னொண்ணு, 18 இன்ச் உயரத்துல ஒரு குட்டை பெஞ்சும் போடுங்க, ஒரு அடி அகலம், 4 அடி நீளம் போதும். அது மேல கட்டைய வெச்சு ஒரு கால தூக்கி மிதிச்சுக்கிட்டு அறுக்கலாம், முட்டி முழுசா மடங்காது, கால் புடிப்பும் போகாது. அலமாரி, கதவு மாட்டறப்பவும் குட்டை பெஞ்சுதான் வாட்டம். பெரிய டேபிளோட இடது ஓரத்துல கால் இன்ச் ஒசந்த ஒரு பட்டைய குறுக்க அடிச்சு விடுங்க, கட்டை அதுல முட்டி நிக்கும், வைஸ் தேடவே வேணாம். நிக்கற எடத்துல தடிமனா ரப்பர் பாய் போட்டுக்கோங்க, சிமெண்ட் தரை முட்டிய சும்மா விடாது.

திருவொற்றியூர்ல இருக்கேன். மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுல இருந்து வர்ற, சரக்கு அடுக்கற பேலட் கட்டை கம்மி விலைல கெடைக்குது. அதுலயே டேபிள் போட்டுடலாமா? கடல் காத்துல எதப் பண்ணாலும் துருப் புடிக்குது, அதுக்கும் வழி சொல்லுங்க.

பேலட் கட்டை தாராளமா போடலாம், ஆனா முத்திரைய பாத்து எடுங்க. வெளிநாட்டு சரக்கோட வர்ற பேலட்ல கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்துல எழுத்து சுட்டிருக்கும். ஹெச்.டி.ன்னு (HT) இருந்தா பூச்சி சாக சூடு பண்ண கட்டை, எடுத்துக்கோங்க. எம்.பி.ன்னு (MB) இருந்தா மெத்தில் புரோமைடுங்கற விஷப் புகை போட்டது, அத இழைச்சு தூள மூக்குல ஏத்திக்க வேணாம், அங்கயே விட்டுடுங்க. முத்திரையே இல்லாம எண்ணெய்க் கறை, மருந்து வாடை அடிச்சாலும் தொடாதீங்க, அந்த பேலட் மேல என்ன கொட்டிச்சோ யாருக்குத் தெரியும். காலும் குறுக்குச் சட்டமும் அதுல போடலாம், பைன் லேசா இருக்கும், அதனால கீழ் தட்டுல மணல் மூட்டை ரெண்டு போட்டு கனம் ஏத்துங்க. மேல்தட்டுக்கு மட்டும் பிளை வாங்கிடுங்க. இழைக்கறதுக்கு முன்ன காந்தத்த கட்டை மேல மெதுவா ஓட்டிப் பாருங்க, உள்ள ஒடைஞ்சு நிக்கற ஆணி ஒண்ணு போதும், பிளேனர் பிளேடு காலி.

துருவுக்கு, சா தட்டு மாதிரி இரும்புல மெழுகு தடவி துணியால நல்லா தேச்சு விடுங்க, மழை மாசத்துல வாரம் ஒரு தடவ. பலகையும் வழுக்கிட்டு போகும். சிலிக்கான் கலந்த ஸ்ப்ரே வேணாம், அது கட்டைல பட்டா பின்னால பாலிஷ் ஒட்டாது. ஸ்க்ரூ, போல்ட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ், இல்லன்னா ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு). டேபிள் கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் தடவறீங்கன்னா ஒண்ணு கவனமா கேளுங்க. எண்ணெய் தொடைச்ச துணிய சுருட்டி மூலைல போட்டுட்டு வீட்டுக்குப் போகாதீங்க, அது காயறப்ப உள்ள சூடேறி தானா தீப் புடிக்கும். மரத்தூள் நெறஞ்ச பட்டறைல ராத்திரில அது நடந்தா என்ன மிஞ்சும் சொல்லுங்க. வெளிய கம்பில ஒத்தையா விரிச்சுக் காயப் போடுங்க, இல்ல தண்ணில ஊறப் போட்டு மூடுங்க.

பெரம்பூர்ல ரெண்டாவது மாடி பிளாட். பால்கனில மர பொம்மையும் போட்டோ பிரேமும் செய்யறேன். இடம் 4 அடிக்கு 7 அடிதான். ஏதாவது வழி இருக்கா சார்?

இருக்கும்மா. செவுத்துல மடக்கற டேபிள் போடுங்க, 3 அடி நீளம், ஒண்ணரை அடி அகலம். செவுத்துல 2 இன்ச்சுக்கு 3 இன்ச் கட்டை ஒண்ண ஆங்கர் போல்ட்டு போட்டு இறுக்கி, அதுல கனமான கீல் மூணு. கீழ தாங்கறதுக்கு மடக்கற பிராக்கெட் கடைல விக்கறது சுத்தியல் அடிக்கு ஆடும், அதனால தரை வரைக்கும் எறங்கற ஒரு மடக்குக் கால் வைங்க. செங்கல் செவுறுதானான்னு தட்டிப் பாத்துட்டு ஓட்டை போடுங்க. கீழ் வீட்டுக்கு சத்தம் போகாம இருக்க காலுக்கு அடில ரப்பர். தூள் அடுத்த பால்கனி துணில போய் படியும், தேய்க்கற வேலைய ஈரத் துணி விரிச்சு அது மேல பண்ணுங்க, என் 95 மாஸ்க் கண்டிப்பா.

கொடுங்கையூர்ல தரைத் தளத்துல பட்டறை. வருஷா வருஷம் மழைக்கு தண்ணி உள்ள வந்துடுது. டேபிள காப்பாத்த என்ன பண்ணலாம்? கரண்டு பாயிண்ட்ட டேபிள்லயே வெச்சுக்கலாமா?

2015 டிசம்பர்ல என் பட்டறைல முட்டி உசரம் தண்ணி நின்னுது. அப்ப என் டேபிள்ல கீழ் தட்டும் டிராயரும் எம்.டி.எஃப். (மர நார அழுத்திச் செஞ்ச பலகை), விக்கறப்ப கடைக்காரரு தண்ணி தாங்கும்னு சொல்லித்தான் குடுத்தாரு. மூணாவது நாள் தண்ணி எறங்கினப்ப அது ஊறின ரொட்டி மாதிரி ரெண்டு மடங்கு உப்பியிருந்துது, கைல எடுத்தா உதிருது. சால் கால் மட்டும் அப்படியே நின்னுது, நெழல்ல காய வெச்சு இன்னிக்கும் அதேதான் ஓடுது. அதுல இருந்து இடுப்புக்குக் கீழ எம்.டி.எஃப்.க்கு என் பட்டறைல இடமில்ல. பிளை வாங்கறப்ப ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாருங்க, அது கொதிக்கற தண்ணிக்கும் பசை விடாத ரகம், ஐ.எஸ். 303 அதுக்கு அடுத்தது. ஷீட்டு ஓரத்தையும் ஓட்டை உள்பக்கத்தையும் எபாக்ஸியோ பெயின்ட்டோ போட்டு அடைச்சிடுங்க, தண்ணி நடுவுல ஏறாது, ஓரத்துலதான் ஏறும். டேபிள் காலோட அடிப்பக்கம் நாலு விரக்கடை எபாக்ஸில முக்கி எடுங்க. கீழ் தட்டு தரைல இருந்து 18 இன்ச்சாவது ஒசந்து இருக்கட்டும், மெஷின் எதையும் அதுக்குக் கீழ வெக்காதீங்க.

கரண்ட டேபிள்ல வெக்கலாம், ஆனா அதுக்கு வர்ற ஒயர் மேல இருந்து, சீலிங்ல இருந்து எறங்கட்டும், தரைல ஓட விட்டா கால்லயும் சக்கரத்துலயும் மாட்டும், தண்ணிலயும் கெடக்கும். மூணு கோர், 2.5 சதுர மி.மீ. ஒயர், எர்த் கண்டிப்பா. 1,500 வாட்ஸ் மெஷினே 6 ஆம்பியருக்கு மேல இழுக்கும், டி.வி.க்கு வாங்கின எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகி உருகிடும். போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா துண்டிக்கற ஸ்விட்ச்) ஒண்ணு மாட்டச் சொல்லுங்க எலக்ட்ரீஷியன்கிட்ட, ஈரக் கையோட வேலை பாக்கற ஊர்ல அது இல்லாம மெஷின் ஓட்டக் கூடாது. சா ஸ்விட்ச் உங்க தொடை உயரத்துல, கை ரெண்டும் பலகைல இருக்கறப்ப முட்டியாலயே தட்டி நிறுத்தற மாதிரி. கரண்ட் போச்சுன்னா முதல் வேலையா அந்த ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்க, பிளேடுகிட்ட மாட்டின துண்ட எடுக்கறதெல்லாம் அதுக்கப்புறம்தான். கரண்ட் திரும்ப வர்றப்ப சொல்லிட்டு வராது.